இருபத்து மூன்று புள்ளி எட்டு

பிளம்பர் பேச்சிமுத்து ஆய்வகத்துக் கழுவு தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்கிறார். எனக்குத் தெரிவதெல்லாம் இரண்டு முழங்கால்களும் ஒற்றைச் செருப்பும்தான், இன்னொரு செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டார் போல, ஆய்வகத்துக்கு ஒரு கால் அளவுக்கு மரியாதை. மணி இரண்டு ஐம்பது. நான்கு மணிக்குக் கூட்டம். அதற்குள் மேசைமேல் இருக்கும் இந்த அறிக்கையில் நான் கையெழுத்துப் போட்டு துணை மேலாளர் ரகோத்தமன் சாரிடம் கொடுக்க வேண்டும். ஒரே பக்கம்தான். ஜிப்சத்தின் ஈரப்பதம், திங்கள்கிழமை இருபத்து நான்கு புள்ளி ஒன்று, செவ்வாய்க்கிழமை இருபத்து மூன்று புள்ளி எட்டு, அனுமதி பன்னிரண்டு, முடிவு: ஏற்கத் தக்கதல்ல. கீழே கோடு, கோட்டுக்குக் கீழே முதுநிலை வேதியியலர் புஷ்பலீலா என்று என் பெயர். பேனா திறந்தே இருக்கிறது. மை காய்ந்துவிடும், மூடி எங்கே, மூடியைத் தேடினால் கையெழுத்துப் போடாமல் இருக்க ஒரு காரணம் கிடைக்கும். கையெழுத்துப் போட எதற்குத் தயங்குகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. மதியம் சாப்பிட்ட புளிக்குழம்பு காரணமாக இருக்கலாம். கைபேசி ஒருமுறை அதிர்ந்து அடங்குகிறது, கணவர் ஜெபராஜ்: “சீலா இருக்கு, ஊளியும் இருக்கு. எது?” வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் இந்த மனிதருக்கு உலகத்தில் இரண்டே கேள்விகள், எந்த மீன், எத்தனை மணிக்கு வருவாய். தொட்டிக்கு அடியிலிருந்து பேச்சிமுத்து பேசுகிறார், “மேடம், இது அடைப்பு இல்ல, கட்டடம்.”

கட்டடமோ கோட்டையோ, சீக்கிரம் எடுத்தால் சரி. மின் நிலையத்தில் என்ன வேலை என்று நாத்தனார் கேட்டபோது, நிலக்கரி எரிகிறது, புகையில் கந்தகம் வருகிறது, அப்படியே விட்டால் ஊருக்கு இருமல் வரும், அதனால் புகையை ஒரு கோபுரத்துக்குள் விட்டுச் சுண்ணாம்புக்கல் கரைத்த தண்ணீரைத் தூவிக் கழுவுகிறோம், கழுவிய அழுக்கைச் சோதிப்பது நான் என்று விளக்கினேன். அவள் முழுதாகக் கேட்டுவிட்டு, “புகையத் துவைக்கதுக்கா மைனி உங்களுக்குச் சம்பளம்?” என்றாள். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் நான் சலவைக்காரி. தவறில்லை. துவைத்தால் பிழியவும் வேண்டும். கோபுரத்தடியில் கஞ்சி போல வடியும் கசடை ஓடும் பெல்ட்டில் விரித்து, அடியிலிருந்து காற்றால் உறிஞ்சி நீரை எடுத்தால், வெள்ளையாக ஈரமாவு போல விழுவதுதான் ஜிப்சம். பன்னிரண்டு சதவீதத்துக்குள் ஈரம் இருந்தால் சிமெண்ட் ஆலைக்காரர்கள் வந்து அள்ளிப் போவார்கள். மேலே போனால் அவர்களுடைய உருளையில் ஒட்டிக்கொள்ளும், வேண்டாம் என்பார்கள், பிறகு குழிதான். குழிக்கு அடியில் கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பு இரண்டு அடுக்கு, அதற்கு அப்பால் மண், மண்ணுக்கு அப்பால் உப்பளம், உப்பளத்துக்கு அப்பால் கடல். குழிக்குள் போனது திரும்பாது. ஒவ்வொரு லோடுக்கும் என் கையெழுத்து ஒன்று கூடவே உள்ளே போகிறது. ஆயிரம் ஆண்டு கழித்து யாராவது தோண்டினால் ஜிப்சத்துக்கு நடுவே புஷ்பலீலா, புஷ்பலீலா, புஷ்பலீலா என்று வரும். யாரோ பெரிய ராணி என்று நினைத்துக்கொள்வார்கள். சிரிப்பு வருகிறது. தனியாகச் சிரிப்பதைப் பேச்சிமுத்துவின் முழங்கால்கள் பார்க்காது.

சிரிப்பு நின்றதும் இசக்கியப்பன் வந்து நிற்கிறான், நினைவில்தான். பெல்ட்டை ஓட்டுகிறவன், ஒப்பந்தத் தொழிலாளி, நாற்பது வயதிருக்கும், உப்பளத்தில் வளர்ந்தவன். நேற்று மாலை இதே வாசலில் இரண்டு கை நிறைய ஜிப்சத்தை ஏந்திக்கொண்டு வந்து நின்றான், கோவிலில் பிரசாதம் வாங்கியவனைப் போல. “மேடம், பிடிச்சுப் பாருங்க. உருண்டை நிக்குதா? நிக்காது. உதிருது. இதுல எங்க இருக்கு இருபத்தி மூணு?” நான் என்ன சொன்னேன். கை பொய் சொல்லும் இசக்கியப்பன், தராசு சொல்லாது என்றேன். நன்றாக இருந்தது வாக்கியம். சொன்ன கையோடு ஒரு வாய் தேநீரும் குடித்தேன். “உப்புல பொறந்த கை மேடம்,” என்றான், “ஈரத்த இது பாக்காமலே சொல்லும்.” பிறகு தரையில் சிந்தாமல் அப்படியே ஏந்திக்கொண்டு திரும்பிப் போனான். எங்கே கொண்டுபோய்க் கொட்டினானோ. பெல்ட்டைச் சரியாகக் கவனிக்காமல் தூங்கினான் என்று ஒப்பந்தக்காரர் எழுதிக் கொடுத்துவிட்டார், என் இரண்டு எண்களை ஆதாரமாக வைத்து. இன்று நான்கு மணிக் கூட்டத்தில் முடிவாகிறது. அறிக்கை போனால் அவனுடைய நுழைவு அட்டையை இரவில் ஷிப்ட் முடிந்து வெளியே போகும்போது வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். இந்தத் தொழிற்சாலையில் யாரையும் வேலையை விட்டு நீக்குவதில்லை. அட்டையை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான், மறுநாள் அந்த மனிதர் வெளியே இருப்பார். பன்னிரண்டு லாரி ஜிப்சம் குழியோரமாகக் கொட்டிக் கிடக்கிறது, தார்ப்பாய் போட்டு. அதுவும் நான்கு மணிக்காகத்தான் காத்திருக்கிறது. நல்லவேளை, கையெழுத்தில்லாமல் தள்ளமாட்டார்கள். எல்லாரும் ஒரு மூடியில்லாத பேனாவுக்காக.

“வந்துட்டான் பாருங்க!” தொட்டிக்கு அடியிலிருந்து முதலில் ஒரு கை வருகிறது, கையில் வெள்ளையாக ஏதோ. வளைந்து, மழமழவென்று, குழாய் வளைவின் அச்சு அப்படியே. பேச்சிமுத்து எழுந்து உட்கார்ந்து, பிள்ளை பிறந்த வீட்டில் மருத்துவச்சி காட்டுவதுபோல இரண்டு கையாலும் தூக்கிக் காட்டுகிறார். “என்னத்த மேடம் ஊத்துனீங்க?” ஒன்றும் ஊற்றவில்லை, சோதித்து முடித்த பொடி, தட்டுகளைக் கழுவியபோது போயிருக்கும், மணல் மாதிரிதான், தண்ணீரோடு போய்விடும், இரண்டு வருடமாக அப்படித்தான் கழுவுகிறேன். “மணலா? மணல் இப்படிச் சேக்காளி மாதிரி கட்டிப் பிடிக்குமா? இது மாவுக்கட்டு மேடம். போன வருஷம் மணிக்கட்டு ஒடிஞ்சு ஆறு வாரம் சுமந்திருக்கேன்லா, எனக்குத் தெரியாதா?” முழங்கையை மடக்கி அந்த வெள்ளை வளைவைப் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார். அளவு கூடப் பொருந்துகிறது. “வேணும்னா வச்சுக்கிடுங்க, யாராவது விழுந்தா ஆகும்.” நான் சிரிக்கிறேன். சிரித்துக்கொண்டே இருக்கிறேன். சிரிப்பு இன்னும் வாயில் இருக்கும்போதே அவர் சொன்ன சொல் திரும்பி வருகிறது. மாவுக்கட்டு. ஜிப்சம் மாவுக்கட்டு ஆகாது. ஜிப்சத்தைச் சூடாக்கினால்தான் ஆகும். நன்றாகச் சூடாக்க வேண்டும். நாற்பத்தைந்து டிகிரியில் ஆகாது. நாற்பத்தைந்தில் உலர்த்தினால் மேலே ஒட்டியிருக்கும் ஈரம் மட்டும் போகும், உள்ளே படிகத்தோடு பிணைந்திருக்கும் தண்ணீர் அசையாது. நூறுக்கு மேலே போனால் அந்தத் தண்ணீரும் கழன்று வரும், வந்தால் எடை குறையும், எடை குறைந்தால் தராசு அதையும் ஈரம் என்று எண்ணும். மிச்சம் இருக்கும் பொடி மேல் தண்ணீர் பட்டால் கெட்டியாகும். குழாயின் வளைவில் உட்கார்ந்து கெட்டியாகும். மாவுக்கட்டு.

திரும்பிப் பார்க்க வேண்டாம், பார்க்காமலே தெரியும். இருந்தாலும் திரும்புகிறேன். சாம்பல் நிற உலர்த்துப் பெட்டி, நிலக்கரிக்கானது. ஜிப்சத்துக்கான சின்னப் பெட்டி ஞாயிற்றுக்கிழமை பழுதாகிப் போனது, அது வரும்வரை இதிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தது நான், வெப்பநிலை விசையை நாற்பத்தைந்துக்குத் திருப்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டதும் நான். அது நூற்று ஐந்தில் இருக்கிறது. யார் வைத்தது. நான்தான். இருபத்திரண்டு வருடமாக நிலக்கரித் தட்டை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால் என் வலது கை தானாகப் போய் அந்த விசையை நூற்று ஐந்துக்குத் திருப்பும், நான் அப்போது ஜன்னலுக்கு வெளியே கொக்கு பார்த்துக்கொண்டிருப்பேன், அல்லது ஊளியா சீலாவா என்று யோசித்துக்கொண்டிருப்பேன். கை வீட்டுக்கு வழி தெரிந்த மாடு மாதிரி, நடத்திப் போக வேண்டாம். திங்கள்கிழமை திரும்பியிருக்கிறது, செவ்வாய்க்கிழமை திரும்பியிருக்கிறது. பதிவேட்டைத் திறக்கிறேன், கடவுளே, அதில் வெப்பநிலை 45 என்று இருக்கட்டும் என்று ஒரு கணம் வேண்டுகிறேன். இருக்கிறது. திங்கள் 45, செவ்வாய் 45. அப்பாடா என்று மூச்சு விட்டபிறகுதான் தெரிகிறது, எல்லாப் பக்கத்திலும் 45, இனி வரப்போகும் வெற்றுப் பக்கங்களிலும் 45, அது அச்சடித்தே வந்தது. அச்சகத்துக்காரர் ஒவ்வொரு நாளும் என் உலர்த்துப் பெட்டியைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார், சிவகாசியில் உட்கார்ந்து. “மேடம், தண்ணி இப்ப போகுது பாருங்க,” என்கிறார் பேச்சிமுத்து. குழாயைத் திறந்துவிட்டிருக்கிறார். தண்ணீர் கடகடவென்று சந்தோஷமாக இறங்குகிறது.

அவர் போய்விட்டார். வெள்ளை வளைவு மேசைமேல் செய்தித்தாளில் உட்கார்ந்திருக்கிறது. மணி மூன்று ஐந்து. அறிக்கையைத் திருப்பிப் பின்பக்கத்தில் கணக்குப் போடுகிறேன். படிகத் தண்ணீரில் முக்கால் பங்கு கழன்றிருந்தால், நூறு கிராம் சுத்த ஜிப்சத்துக்குப் பதினைந்து புள்ளி ஏழு கிராம். அதைக் கழித்து, சரிசெய்து, வகுத்தால், உண்மையான ஈரம் ஒன்பது புள்ளி ஆறு. இன்னொரு முறை. ஒன்பது புள்ளி ஆறு. உதிருகிறது மேடம் என்றானே. உதிரும், ஒன்பது புள்ளி ஆறு உதிரத்தான் செய்யும். இது கணக்குதான், சோதனை இல்லை. பாதுகாத்து வைத்த மறுமாதிரி பையில் இருக்கிறது, அதை நாற்பத்தைந்தில் உலர்த்தினால் நாளைக் காலைதான் எண் வரும். நாளைக் காலை. அதுவும் நல்லதுதானே. இன்று எதுவும் சொல்லாமல், மறுபரிசோதனை செய்கிறேன் ஒருநாள் கொடுங்கள் என்று கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள், நாளை ஒன்பது புள்ளி ஆறு என்று எழுதினால் லாரி வரும், குழி தப்பும், பதிவேட்டில் எல்லா நாளும் 45, எந்தத் தணிக்கைக்காரரும் என் வலது கையை விசாரிக்கமாட்டார். அழகாக இருக்கிறது. இசக்கியப்பனும் தப்பிப்பான். தப்பிப்பானா? இன்று மாலை திட்டு விழும், நாளை ஈரம் குறையும், எல்லாரும் என்ன சொல்வார்கள், திட்டினதும் ஒழுங்காகிவிட்டான் பார் என்பார்கள். தூங்கினவன் என்ற பெயர் அவனிடமே இருக்கும், என்னுடைய தவறு அவனுடைய சுபாவமாகிவிடும். அடுத்த முறை பெல்ட் கிழிந்தால், மோட்டார் நின்றால், ஓ அவனா. என் கல்யாணத்தன்று சர்ச் பதிவேட்டில் மணமகள் கோட்டை விட்டுவிட்டுச் சாட்சிக் கோட்டில் கையெழுத்துப் போட்டேன். போட்டதும் தெரிந்துவிட்டது. போதகர் பக்கத்தைத் திருப்பிவிட்டார். அரைமணி நேரம் யாரிடமும் சொல்லவில்லை, எனக்குக் கல்யாணம் ஆனதா இல்லையா என்று தெரியாமலே வாழ்த்து வாங்கினேன், போட்டோவுக்குச் சிரித்தேன், பிரியாணிக்கு உட்கார்ந்தபிறகு தாங்காமல் ஜெபராஜ் காதில் சொன்னேன். அவர் கையில் எலும்போடு என்னைப் பார்த்து, “அப்ப நான் யாரக் கட்டுனேன்?” என்றார். சிரித்துச் சிரித்துப் புரையேறி, பிறகு இரண்டு பேரும் சாப்பாட்டை விட்டுவிட்டு மாலையோடு சர்ச்சுக்கு ஓடினோம். அந்த அரைமணி நேரம்தான் மோசம். ஓடியது ஜாலியாக இருந்தது. ஏன் இது இப்போது ஞாபகம் வருகிறது, மணி மூன்று இருபது, எழுந்திரு புஷ்பலீலா.

ரகோத்தமன் சார் அறையில் குளிர் அதிகம். வெள்ளை வளைவைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறேன், அதை ஏன் எடுத்து வந்தேன் என்று தெரியவில்லை. அவர் முதலில் அதைப் பார்க்கிறார், பிறகு என்னை. நான் சொல்கிறேன். ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், பெட்டி, நூற்று ஐந்து, கை, தொட்டி, ஒன்பது புள்ளி ஆறு. சொல்லும்போது என் குரல் யாரோ வேறொருவருடைய குரல் போலச் சாதாரணமாக இருக்கிறது, பால்காரர் விலை சொல்வதுபோல. “ஆனா ரெஜிஸ்டர்ல நாற்பத்தஞ்சுன்னுதானே மேடம் இருக்கு?” என்கிறார். அது அச்சடித்த ஆள் போட்டது சார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். நல்ல மனிதர், சென்னையிலிருந்து வந்தவர், யாருக்கும் கஷ்டம் வரக்கூடாது என்று நினைப்பவர், அதுதான் அவரிடம் கஷ்டம். “மறுபரிசோதனைன்னு போட்டுக்கலாமே. உங்க பேர் எதுக்கு இதுல? ரிட்டயர்மென்ட்டுக்கு ஆறு வருஷம்தான் இருக்கு உங்களுக்கு.” ஏழு சார். “சரி, ஏழு.” இசக்கியப்பன் என்று சொல்கிறேன். “யாரு?” பெல்ட் ஓட்டுகிறவர். “ஓ. அவர்.” பார்த்தீர்களா சார், அந்த ஓ என்று சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. தூங்கினான் என்று எழுதியிருக்கிறார்கள், ஆதாரம் என் எண், என் எண் தவறு, அதைத் தவறு என்று சொல்ல வேண்டியது நான்தான், நாளைக்கு இல்லை, இன்று, என்கிறேன். அவர் அந்த வெள்ளை வளைவை வாங்கி விரலால் தட்டிப் பார்க்கிறார். டொக் டொக். “நல்லா செட் ஆயிருக்கு,” என்கிறார், ஒரு பொறியாளரின் மரியாதையோடு. பிறகு தொலைபேசியை எடுத்து, குழியோரம் இருப்பதை யாரும் தொடக்கூடாது, சிமெண்ட் ஆலைக்கு நாளைக் காலை எண் வந்ததும் பேசலாம், நான்கு மணிக்கு அந்தப் பெல்ட் விஷயம் வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்கிறார். என்ன விஷயம் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். ரகோத்தமன் சார் என்னைப் பார்த்துக்கொண்டே, “லேப்ல தப்பு,” என்கிறார். காதுகள் சூடாகின்றன. நூற்று ஐந்து இருக்கும். ஆனால் உயிரோடுதான் இருக்கிறேன், பசிக்கவும் செய்கிறது.

பெல்ட் தளத்துக்கு நாற்பத்தெட்டுப் படி. லிப்ட் இருக்கிறது, ஏறவில்லை, படியில் போனால் என்ன சொல்வது என்று யோசிக்கலாம், யோசிக்கவில்லை, முழங்கால் வலியைத்தான் யோசித்தேன். மேலே வெள்ளைப் பெல்ட் நீளமாக, சோம்பலாக ஓடிக்கொண்டிருக்கிறது, உறிஞ்சும் சத்தம் பெரிய மிருகம் ஒன்று இளநீரின் கடைசிச் சொட்டைக் குடிப்பதுபோல. இசக்கியப்பன் தண்ணீர்த் தெளிப்பானைச் சரிசெய்துகொண்டிருக்கிறான். என்னைப் பார்த்ததும் முகம் கெட்டியாகிறது. வரட்டும் என்று நிற்கிறான், கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறான். சத்தத்துக்கு மேல் கத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, மன்னிப்பை யாரும் இவ்வளவு உரக்கக் கேட்டிருக்கமாட்டார்கள். என் தப்பு இசக்கியப்பன்! பெட்டியில் சூடு அதிகமாக வைத்துவிட்டேன்! ஈரம் ஒன்பதரைதான்! பக்கத்து மேடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அவன் முகத்தில் கோபம் வரும் என்று நினைத்தேன், அழுகை வரும் என்று பயந்தேன், வந்தது இரண்டும் இல்லை, கொஞ்சம் சந்தேகம்தான் வந்தது. “யார்கிட்ட சொன்னீங்க மேடம்?” ரகோத்தமன் சாரிடம். “ஏசி ரூம்லயா?” ஆமாம். “அது கேட் வாசல் வரைக்கும் வராது மேடம். ராத்திரி நான் வெளிய போகையில அங்க நிக்கவனுக்கு யாரு சொல்லுவா?” சொல்வார்கள், தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள் என்கிறேன். அவன் தலையை ஆட்டுகிறான், சின்னப் பிள்ளைக்கு ஆட்டுவதுபோல. பெல்ட்டின் பக்கவாட்டில் கயிற்றில் தொங்கும் ஷிப்ட் நோட்டை அவிழ்த்துக் கொண்டுவந்து நீட்டுகிறான். அதில் எழுதினால் அடித்தல் திருத்தல் கிடையாது, மூன்று ஷிப்ட்காரர்களும் படிப்பார்கள், ஒப்பந்தக்காரர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். “இதுல போடுங்க.” பேனாவை எடுக்கிறேன். மை காயவில்லை. என்ன எழுதுவது, இருபத்திரண்டு வருடமாக இப்படி ஒரு வாக்கியம் எழுதியதில்லை, ‘கருவிப் பிழை’ என்று எழுதலாமா, ‘வெப்பநிலை வேறுபாடு’ என்று எழுதினால் கௌரவமாக இருக்கும், கை தயங்குகிறது, இந்தத் தடவை கையைத் தனியாக விடவில்லை, கண் வைத்துக்கொண்டே எழுதுகிறேன்: திங்கள், செவ்வாய் ஈரப்பத எண்கள் தவறு. தவறு ஆய்வகத்தில் நான் செய்தது. பெல்ட் இயக்கத்தில் குறை இல்லை. புஷ்பலீலா. அவன் பக்கத்தில் நின்று, உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாகப் படிக்கிறான். ‘குறை இல்லை’யில் கொஞ்சம் நிற்கிறான். பிறகு மேலிருந்து இன்னொரு முறை. சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பக்கத்தைப் படம் எடுக்கிறான், சரியாக விழுந்ததா என்று பெரிதாக்கிப் பார்க்கிறான். நோட்டை மூடப் போகிறான் என்று நினைத்தேன். மூடவில்லை. என் பக்கம் திரும்பவும் நீட்டுகிறான்.

“தேதி போடல மேடம்.”

போடுகிறேன்.

“டைம்?”

மூன்று ஐம்பத்திரண்டு. அதையும் போடுகிறேன். அவன் ஒரு முறை ஊதி மையை உலர்த்திவிட்டு நோட்டைக் கொண்டுபோய், வருகிறவர்கள் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி, அந்தப் பக்கத்தைத் திறந்தே வைத்துக் கயிற்றில் கட்டுகிறான்.